கம்ப்ரஸரை மாற்றும் முன்: ஏர் சஸ்பென்ஷன் எஸ்யூவி வைத்திருக்கும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

செகண்ட் ஹேண்டில் ஒரு லேண்ட் ரோவர் டிஸ்கவரியோ, ஆடி க்யூ7-ஓ, மெர்சிடிஸ் ஜிஎல்-ஓ வாங்கி ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள். ஷோரூம் விலையில் எட்டாத வண்டி, வயதான பிறகு உங்கள் கைக்கு வந்திருக்கிறது. ஓட்டிப் பார்த்து, அந்த மிதப்பில் மயங்கித்தான் வாங்கினீர்கள். அந்த மிதப்பைத் தருகிற ஏர் சஸ்பென்ஷன்தான் இப்போது தூக்கத்தைக் கெடுக்கிறது. இரவு நேராக நின்ற வண்டி காலையில் ஒரு மூலை தாழ்ந்து கிடக்கிறது. ஸ்டார்ட் செய்தால் முனகிக்கொண்டே எழுகிறது. சில வாரம் கழித்து எழவே மாட்டேன் என்கிறது. டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு, கூடவே ‘நார்மல் உயரம் மட்டுமே’ என்று ஓர் எச்சரிக்கை.

பட்டறைக்குப் போனால் முதலில் கேட்கிற வாக்கியம், “கம்ப்ரஸர் போயிடுச்சு சார்.” மாற்றுகிறீர்கள். பெரிய தொகை கைவிட்டுப் போகிறது. அடுத்த மழைக்காலத்துக்குள் புதிய கம்ப்ரஸரும் போகிறது. அப்போது கேட்கிற இரண்டாவது வாக்கியம், “இந்த ஏர் எல்லாம் நம்ம ஊர் ரோட்டுக்கு ஆகாது சார், பைபாஸ் பண்ணி காயில் போட்டுடலாம்.”

இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. பெரும்பாலும் அதை யாரும் செய்வதில்லை. காற்று எங்கே கசிகிறது என்று தேடிக் கண்டுபிடிப்பதுதான் அந்த வேலை. அதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஓர் இரவும், ஒரு டேப்பும், கொஞ்சம் சோப்புத் தண்ணீரும் போதும். அதைச் செய்யாமல் கம்ப்ரஸரையும் மாற்றாதீர்கள், பைபாஸும் செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளவே எழுதுகிறேன்.

இந்த அமைப்பு எப்படி வேலை செய்கிறது என்பதை ஒருமுறை மனதில் வாங்கிக்கொண்டால் யாராலும் உங்களைக் குழப்ப முடியாது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதிலாக ஒரு ரப்பர் காற்றுப் பை. அதற்குக் காற்று தருவது மோட்டாரால் ஓடும் சிறிய கம்ப்ரஸர். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்ச அதோடு சேர்ந்த டிரையர். காற்றைச் சேமிக்க ஒரு டேங்க். எந்தப் பைக்குக் காற்று போக வேண்டும், எதிலிருந்து வெளியேற வேண்டும் என்று திறந்து மூட வால்வ் பிளாக். வண்டி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று சொல்ல ஹைட் சென்சர்கள். இவற்றையெல்லாம் ஆள ஒரு கன்ட்ரோல் யூனிட். டிஸ்கவரி 3-ல் இந்த ஏற்பாடுதான் வண்டியைக் கரடுமுரடான பாதைக்காகச் சுமார் 55 மில்லிமீட்டர் தூக்குகிறது. ஏறி இறங்குவதற்காகச் சுமார் 50 மில்லிமீட்டர் தாழ்த்துகிறது. அதே வண்டியில், காட்டுப் பாதையில் இடது வலது பைகளுக்கு நடுவே ஒரு வால்வைத் திறந்து, ஒரு பக்கச் சக்கரம் மேலே ஏறும்போது மறுபக்கச் சக்கரம் கீழே அழுந்தும்படியும் செய்கிறார்கள். அருமையான பொறியியல். அவசரப்பட்டு அதைக் கழற்றி எறிய எனக்கு மனம் வராததற்கு அதுவும் ஒரு காரணம்.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. வால்வ் பிளாக்கில் இருக்கும் வால்வுகள் கரன்ட் இல்லாதபோது மூடியே இருக்கும். வண்டியை நிறுத்திப் பூட்டிவிட்டால் ஒவ்வொரு பையிலும் உள்ள காற்று அந்தந்தப் பைக்குள்ளேயே அடைபட்டு நிற்க வேண்டும். நல்ல நிலையில் உள்ள வண்டி நாள்கணக்கில் அப்படியே நிற்கும். ஊட்டிக் குளிரில் காற்று கொஞ்சம் சுருங்கிச் சில மில்லிமீட்டர் இறங்கலாம், அது இயல்பு. அதற்கு மேல் இறங்கினால் கசிவு. கம்ப்ரஸருக்கு இரவில் வேலையே இல்லை. ஓடாத கம்ப்ரஸர் நிற்கும் வண்டியைக் கீழே இறக்க முடியாது. “ராத்திரி இறங்குது” என்று நீங்கள் சொன்ன உடனே “கம்ப்ரஸர்” என்று ஒருவர் பதில் சொன்னால், அவர் சிந்தித்துச் சொல்லவில்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

கம்ப்ரஸர் பழுதாவது உண்மைதான். ஆனால் அது பழுதாவது எதனால்? ஓட்டைக் குடத்தை நிரப்பச் சொன்னால் எவ்வளவு இறைத்தாலும் நிறையாது, இறைக்கிற கைதான் ஓயும். சிறிது நேரம் ஓடிச் சூடாறுவதற்காகவே அந்த மோட்டாரைக் கட்டியிருக்கிறார்கள். கசிவு இருந்தால் அது ஓய்வில்லாமல் ஓடுகிறது. பிஸ்டன் வளையம் தேய்கிறது. டிரையருக்கும் கேடு வருகிறது. வண்டியைத் தாழ்த்தும்போது வெளியேறும் உலர்ந்த காற்று டிரையர் வழியாகத் திரும்பிப் போய் அதன் ஈரத்தை எடுத்துச் செல்வதுதான் முறை. ஏற்றிக்கொண்டே இருந்து, காற்று வேறு வழியில் கசிந்தால், டிரையர் உலரவே வாய்ப்பில்லை. சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். பிறகு தண்ணீர் வால்வ் பிளாக்குக்குள் போய்த் துருப்பிடிக்கிறது. கடைசியில் கம்ப்ரஸரின் ரிலே, ஓயாமல் சேர்ந்து பிரிந்து, அதன் காண்டாக்ட் ஒட்டிக்கொள்கிறது. அதற்குப் பிறகு சாவியை எடுத்தாலும் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டே இருக்கும், பேட்டரி இறங்கும் வரையோ மோட்டார் கருகும் வரையோ. ஆகவே கசிவை அடைக்காமல் போட்ட புதிய கம்ப்ரஸர் பழையதன் வழியிலேயே போகும். கம்ப்ரஸரை மாற்றுகிறவர்கள் ரிலேவையும் சேர்த்து மாற்ற வேண்டும். கம்ப்ரஸரோடு ஒப்பிட்டால் ரிலேவின் விலை ஒரு பொருட்டே அல்ல. ஆனாலும் எத்தனையோ பேர் அதை விட்டுவிடுகிறார்கள்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது?

பேட்டரியில் தொடங்குங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் சுமார் 12.6 வோல்ட், இன்ஜின் ஓடும்போது 14-ஐ ஒட்டி வர வேண்டும். பேட்டரி தளர்ந்திருந்தால் இந்த வண்டிகள் இல்லாத பழுதுகளையெல்லாம் சொல்லும். அதைச் சரிசெய்யாமல் ஸ்கேனரில் வருகிற எதையும் நம்ப வேண்டாம்.

அடுத்து, வண்டியைச் சமதளத்தில், நார்மல் உயரத்தில் நிறுத்துங்கள். ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஏர் சஸ்பென்ஷன் கன்ட்ரோல் யூனிட்டுக்கு உரிய ஃபியூஸைக் கழற்றுங்கள். எது என்று உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும். இந்தப் படி மிக முக்கியம், காரணம் சொல்கிறேன். பல வண்டிகளில், குறிப்பாக லேண்ட் ரோவரில், நீங்கள் பூட்டிவிட்டுப் போன பிறகும் கன்ட்ரோல் யூனிட் சில மணி நேரத்துக்கு ஒருமுறை விழித்துப் பார்க்கும். ஒரு மூலை இறங்கியிருந்தால், வண்டி சாய்ந்து நிற்கக் கூடாது என்பதற்காக மற்ற மூன்று மூலைகளிலிருந்தும் காற்றை விட்டுச் சமன் செய்யும். மறுபடி விழிக்கும், மறுபடி இறக்கும். விடிந்து பார்த்தால் நான்கும் தரையோடு. “நாலு பேக்கும் போச்சு” என்று எஸ்டிமேட் எழுதுவார்கள். கசிந்தது ஒன்றே ஒன்றாக இருக்கும். ஃபியூஸைக் கழற்றிவிட்டால் யூனிட் தூங்கிவிடும். கசிகிற மூலை மட்டும் தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும்.

காலையில் மறுபடி அளந்து பாருங்கள். ஒரு மூலை மட்டும் இறங்கியிருந்தால் அந்தப் பை, அதன் பைப், அது வால்வ் பிளாக்கில் சேருமிடம் இவற்றுக்குள் கசிவு. முன்பக்கத்திலோ பின்பக்கத்திலோ இடது வலது இரண்டும் ஒரே அளவில் இறங்கியிருந்தால் அந்தப் பக்கத்துக்கான வால்வ் பிளாக் மீது சந்தேகம் விழ வேண்டும். எதுவுமே இறங்கவில்லை, ஆனாலும் ஓட்டும்போது பழுது காட்டுகிறது என்றால் கசிவு அல்ல. சென்சர், ஒயரிங், ரிலே, கம்ப்ரஸர் என்று வேறு திசையில் தேட வேண்டும். இவ்வளவையும் காசு செலவில்லாமல் ஒரே இரவில் தெரிந்துகொண்டுவிட்டீர்கள்.

இப்போது சோப்புத் தண்ணீர். பாத்திரம் கழுவும் திரவத்தைத் தண்ணீரில் கலந்து ஸ்பிரே பாட்டிலில் ஊற்றிக்கொள்ளுங்கள். ஃபியூஸை மாட்டி, வண்டியை உயர்ந்த நிலைக்கு ஏற்றி நிறுத்தித் தெளியுங்கள். முதலில் பார்க்க வேண்டியது பையின் அடிப்பகுதி, ரப்பர் உள்நோக்கி மடிகிற இடம். வருடக்கணக்கில் ஒரே உயரத்தில் ஓடிய வண்டியில் வெடிப்பு அந்த மடிப்பில்தான் வரும். நம் ஊர் வெயிலும் புழுதியும் அதைச் சீக்கிரப்படுத்தும். மடிப்பு உள்ளே ஒளிந்திருப்பதால், ஒரு குறிப்பிட்ட உயரத்தில் மட்டும் கசிந்து இன்னொரு உயரத்தில் கசியாமல் நிற்பதும் உண்டு; ஆகவே உயரத்தை மாற்றி மாற்றித் தெளித்துப் பாருங்கள். பிறகு பைப் சேரும் முனை. பிறகு வால்வ் பிளாக். மழைக்காலமென்றால் எலி கடித்த பைப்பையும் தேடுங்கள். குமிழி சட்டென்று வராது. தெளித்துவிட்டுச் சில நிமிடம் காத்திருந்து பாருங்கள். மெல்லிய கசிவு வெண்ணுரையாகத் திரளும்.

இது நம் மெக்கானிக்குகளுக்குப் புதிய வித்தையும் அல்ல. கோயம்பேட்டிலிருந்தும் கிளாம்பாக்கத்திலிருந்தும் கிளம்புகிற ஆம்னி பஸ்களில் பல, காற்றுப் பையில்தான் ஓடுகின்றன. அங்கே சென்சருக்குப் பதில் ஒரு சிறு கம்பியால் இயங்கும் லெவலிங் வால்வ். மற்றபடி தத்துவம் ஒன்றே. பெல்லோஸ் எனப்படும் அந்தப் பை கசிந்தால் அந்த மெக்கானிக் சோப்புத் தண்ணீரைத்தான் முதலில் எடுக்கிறார். உங்கள் ஊரில் சொகுசு கார் தெரிந்த ஆள் இல்லையென்றால், ஏர் பிரேக்கும் பெல்லோஸும் பார்க்கிற ஒரு பஸ் மெக்கானிக்கைக் கூட்டி வாருங்கள். கசிவு தேடுவதில் ஸ்கேனர் மட்டும் வைத்திருப்பவரைவிட அவர் பல மடங்கு மேல் என்பது என் திடமான எண்ணம்.

ஸ்கேனரை நான் குறைத்துச் சொல்லவில்லை. அது சொல்வதைச் சரியாகப் படிக்க வேண்டும் என்கிறேன். லேண்ட் ரோவரில் அடிக்கடி வரும் சி1ஏ20 என்ற பழுதுக் குறியீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். டேங்க்கை நிரப்பும்போது அழுத்தம் மெதுவாக ஏறுகிறது என்பதுதான் அதன் பொருள். கம்ப்ரஸர் கெட்டுவிட்டது என்று அது சொல்லவில்லை. அழுத்தம் மெதுவாக ஏறக் கசிவு காரணமாகலாம். புழுதி அடைத்த இன்டேக் ஃபில்டர் காரணமாகலாம். ரிலேவில் வோல்ட் குறைவது, டிரையர் அடைத்துக்கொள்வது, கடைசியாகத்தான் தேய்ந்த பிஸ்டன். தேய்ந்தது பிஸ்டன் வளையம் மட்டும் என்றால் அதற்கும் டிரையர் மணிகளுக்கும் ரிப்பேர் கிட் கிடைக்கிறது. கைத்திறமை உள்ள பட்டறை முழுக் கம்ப்ரஸரை மாற்றாமலேயே சரிசெய்துவிடும்.

ஹைட் சென்சர் பழுது வேறு மாதிரி இருக்கும். வண்டி நிற்கும்போது ஒழுங்காக இருக்கும். ஓடும்போது திடீரென ஒரு மூலை ஏறும் அல்லது இறங்கும். சென்சரோடு சேர்ந்த சின்னக் கம்பி உடைந்திருக்கலாம், கனெக்டரில் தண்ணீர் இறங்கியிருக்கலாம். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் மூழ்கிய வண்டிகள் எத்தனையோ. கம்ப்ரஸரும் சென்சரும் பெரும்பாலும் வண்டியின் அடியில்தான் இருக்கின்றன. சென்னையில் ஓடிய பழைய வண்டி வாங்குகிறவர்கள் இந்தக் கனெக்டர்களைப் பிரித்துப் பச்சை படிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டே அட்வான்ஸ் கொடுங்கள். சென்சரை மாற்றினால் உயரத்தைக் கம்ப்யூட்டரில் மறுபடி கேலிபரேட் செய்ய வேண்டும். அதைச் செய்யாமல் கொடுக்கிற பட்டறைக்கு முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள்.

பைப் வேலைக்கும் ஒரு வார்த்தை. கசிகிற முனையை நறுக்கிவிட்டு மறுபடி சொருகினாலே பல கசிவுகள் நின்றுவிடும். ஆனால் நறுக்குவதைக் கட்டிங் பிளேயரால் செய்யக் கூடாது. பைப் நசுங்கி ஓவல் ஆகி மறுபடி கசியும். கூரான பைப் கட்டரால் செங்குத்தாக வெட்ட வேண்டும். கோவை மாதிரி தொழில் நகரங்களில் நியூமேடிக் கடைகளில் கிடைக்கும் புஷ்-இன் இணைப்பான்கள் அவசரத்துக்கு உதவும். ஆனால் அவற்றில் பல 10 பார் அழுத்தத்துக்கு மட்டுமே உத்தரவாதம் உள்ளவை. இந்த வண்டிகளின் டேங்க் பக்கத்தில் அதைத் தாண்டிப் போகும். வாங்கும்போது அழுத்த அளவைக் கேட்டு வாங்குங்கள். ஒப்பீட்டுக்குச் சொல்கிறேன், உங்கள் டயரில் இருப்பது இரண்டரை பாரை ஒட்டித்தான்.

இனி பைபாஸுக்கு வருகிறேன். பைபாஸே கூடாது என்று சொல்கிறவன் அல்ல நான். ராத்திரி பதினொரு மணிக்கு விழுப்புரம் பைபாஸ் ரோட்டில் குடும்பத்தோடு நிற்பவருக்குத் தத்துவம் உதவாது. காற்றைக் கைவிட்டு இரும்புக்குத் திரும்புவதும் புதிதல்ல. 1957-ல் காடிலாக் எல்டொராடோ புரோஹாம் காற்று சஸ்பென்ஷனோடு அமெரிக்காவில் வந்தது. கசிவுத் தொல்லை தாங்காமல் அதன் சொந்தக்காரர்கள் பலர் காயில் ஸ்பிரிங்குக்கு மாற்றிக்கொண்டார்கள். ஆனால் பைபாஸ் என்ற ஒரே பெயரில் நம் ஊரில் நடக்கிற நான்கு வேலைகளும் ஒன்றல்ல.

ஒன்று, ஃபியூஸைக் கழற்றி உயரத்தை உறைய வைப்பது. சென்சரோ யூனிட்டோ கெட்டு, வண்டி தானாக இறங்கப் பார்க்கிறது, ஆனால் பைகளில் கசிவில்லை என்றால் இதுவே நல்ல தற்காலிக வழி. நார்மல் உயரத்தில் இருக்கும்போதே ஃபியூஸை எடுத்துவிட்டால் வால்வுகள் மூடி, காற்று உள்ளேயே நின்றுவிடும். எச்சரிக்கை விளக்குகள் எரியும். ஷாக் அப்சார்பரைக் கம்ப்யூட்டர் ஆள்கிற வண்டிகளில் அதுவும் வேலை நிறுத்தும். நிதானமாக ஓட்டிப் பட்டறைக்குப் போய்ச் சேரலாம்.

இரண்டு, பையின் பைப்பை வால்வ் பிளாக்கிலிருந்து பிரித்து, அதில் டயர் வால்வ் போன்ற ஒன்றை மாட்டி, வெளியிலிருந்து காற்றடிப்பது. பழைய ரேஞ்ச் ரோவர்க்காரர்கள் இதற்கென்றே நான்கு வால்வும் பைப்பும் உள்ள ஒரு கிட்டை டிக்கியில் வைத்திருப்பார்கள். நல்ல பழக்கம், நான் ஆதரிக்கிறேன். பஞ்சர் கடைக் கம்ப்ரஸரிலேயே பெரும்பாலும் அடித்துவிடலாம். கொஞ்சம் இடது, கொஞ்சம் வலது என்று மாற்றி மாற்றி அடித்து, நீங்கள் எழுதி வைத்த உயரத்தோடு நிறுத்த வேண்டும். அதற்கு மேல் ஒரு விரற்கடை கூட ஏற்றாதீர்கள். இங்கே ஒரு பெரிய ஆபத்தைச் சொல்லியே ஆக வேண்டும். வேலை சுலபம் என்பதற்காக இடது வலது இரண்டு பைகளையும் ஒரே டீ இணைப்பில் சேர்த்துவிடுகிறார்கள். வளைவில் திரும்பும்போது பாரம் விழுகிற பையிலிருந்து காற்று மறுபக்கத்துக்கு ஓடிவிடும். இரண்டு டன்னுக்கு மேற்பட்ட உயரமான வண்டி பாரம் விழுந்த பக்கமாகவே சாயும். ஏற்காடு மலைப்பாதையில் அது என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு பைக்கும் தனி வால்வ். இதில் சமரசமே கூடாது. இன்னொன்று, ஜீப் கிராண்ட் செரோகியின் காற்று அமைப்பு வெளிக்காற்றை எடுப்பதில்லை. நைட்ரஜன் நிரப்பி மூடிய அமைப்பு. அதற்கு இந்த வித்தையைச் செய்ய வேண்டாம்.

மூன்று, சென்சர் கம்பியின் நீளத்தை மாற்றிக் கம்ப்யூட்டரை ஏமாற்றுவது. வண்டி எப்போதும் உயரமாகவோ தாழ்வாகவோ நிற்பதற்காகச் செய்கிறார்கள். இதை நான் முற்றிலும் எதிர்க்கிறேன். வீல் அலைன்மென்ட் கெடும், ஆக்ஸிலின் சிவி ஜாயின்ட் தவறான கோணத்தில் சுழன்று தேயும். பல வண்டிகளில் ஹெட்லைட்டின் சாய்வும் இதே சென்சர் சொல்வதைக் கேட்டுத்தான் மாறுகிறது. எதிரில் வருபவரின் கண்ணில் உங்கள் வெளிச்சம் பாயும்.

நான்கு, எல்லாவற்றையும் கழற்றிக் காயில் ஸ்பிரிங் போடுவது. ஆர்னட், ஸ்ட்ரட்மாஸ்டர்ஸ் போன்ற வெளிநாட்டு நிறுவனங்கள் குறிப்பிட்ட மாடலுக்கென்றே முழு கிட் விற்கின்றன. அந்த வண்டியின் எடைக்குக் கணக்கிட்ட ஸ்பிரிங், அதற்கேற்ற ஷாக், சில கிட்டுகளில் எச்சரிக்கை விளக்கை அணைக்கும் சிறு யூனிட்டும் வரும். பைகள் நான்கும் போய், வால்வ் பிளாக்கும் துருப்பிடித்து, வண்டியின் மதிப்பைத் தாண்டி எஸ்டிமேட் வந்தால் இது நியாயமான முடிவுதான். ஆனால் நம் ஊரில் பல இடங்களில் போடுவது அதுவல்ல. வேறு ஏதோ வண்டியின் ஸ்பிரிங்கை வெட்டி, அடியில் ஒரு தட்டை வெல்டிங் செய்து உட்கார வைக்கிறார்கள். காற்றுப் பைக்கென்று வடிவமைத்த ஷாக்கும் ஸ்டெபிலிட்டி கம்ப்யூட்டரும் அந்த ஸ்பிரிங்கைப் பற்றி ஒன்றும் அறியாது. ஏழு பேரும் சாமானும் ஏற்றி நூறு கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் அடிக்கும்போதுதான் அது தெரியவரும். சட்டத்தையும் நினைவில் வையுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வாகனத்தை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்துகிறது. தயாரிப்பாளரின் மூல அமைப்புக்கு மாறாக மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2019-ல் சொல்லியிருக்கிறது. ஆகவே கிட் ஆர்டர் கொடுக்கும் முன் ஆர்டிஓ அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் கம்பெனியிலும் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். விபத்துக்குப் பிறகு கேட்டுப் பயனில்லை.

காற்றிலேயே தொடர முடிவு செய்தவர்களுக்கு உதிரிபாகம் பற்றிச் சுருக்கமாக. சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் பழைய பை கிடைக்கும், வாங்காதீர்கள். பிராக்கெட், பிளாஸ்டிக் கவர், டேங்க் வாங்கலாம். ரப்பரின் வயது வெளியில் தெரியாது. ஒரு பக்கப் பை வெடித்திருந்தால் அதே அச்சின் மறுபக்கமும் அதே வயதுதான், ஜோடியாக மாற்றுங்கள். புதிய பையைப் பொருத்தியவுடன் ஜாக்கியை இறக்கிப் பாரத்தை அதன் மேல் வைக்க விடாதீர்கள். உள்ளே காற்று இல்லாமல் பாரம் விழுந்தால் மடிப்பு தவறாக உட்கார்ந்து, புதிய பை அன்றைக்கே கிழியும். முதலில் காற்று, பிறகுதான் பாரம்.

முழுக்கப் படுத்துவிட்ட வண்டியை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். டயர் மட்கார்டில் உரசும், ஒவ்வொரு வேகத்தடையும் நேராகச் சேஸில் இடிக்கும். கட்டி இழுக்கவும் வேண்டாம். ஃபிளாட்பெட் வண்டியை வரவழையுங்கள். ஏற்றும்போது முன் பம்பர் உரசாமல் பலகை வைக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. இந்த மடலில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். ஏர் சஸ்பென்ஷன் வண்டி, இன்ஜின் ஓடாவிட்டாலும், யாரும் தொடாவிட்டாலும், முன்னறிவிப்பு இல்லாமல் இறங்கக்கூடியது. ஒரு பைப்பைக் கழற்றிய நொடியில் அந்த மூலை விழும். அடியில் இருப்பவர் வெளியே வர நேரம் இருக்காது. உங்கள் வண்டியில் ஜாக்கி மோடு இருந்தால், ஆடி க்யூ7-ல் மெனுவிலேயே இருக்கிறது, டயர் மாற்றும் முன்பே அதைப் போடுங்கள். மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் கையையோ தலையையோ விடும் முன், சேஸுக்கு அடியில் ஜாக் ஸ்டாண்ட் நிற்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அடியில் போவது நீங்கள் அல்ல, பட்டறையில் வேலை கற்றுக்கொள்கிற சின்னப் பையன். “சீக்கிரம் முடிச்சுக் குடுங்க” என்று அவசரப்படுத்தாமல், ஸ்டாண்ட் போட்ட பிறகே அவனை அடியில் அனுப்பச் சொல்லுங்கள். வண்டி உங்களுடையது, அதைக் கேட்கிற உரிமையும் கடமையும் உங்களுடையவை.

அன்புடன்,
உங்கள் வண்டிகளோடு வேலை செய்யும் ஒருவன்